ஆறாத புண்ணுக்கு வேக் டிரெஸ்ஸிங்: போடுவதற்கு முன்பிருந்து கழற்றிய பின்பு வரை

விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பி, கம்பம்மெட்டு ஏறி, கேரளாவில் வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். நாள் முழுக்க ஈரம், காலில் ரப்பர் பூட்ஸ். பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் சுகர் முற்றிய காலுக்கு அது உறைக்காது. சாயங்காலம் வீட்டில் கழற்றும்போது சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். முதலில் மஞ்சள் பத்து, பிறகு கடையில் வாங்கிய ஆயின்மென்ட், பிறகு பக்கத்து கிளினிக்கில் தினம் ஒரு கட்டு. இப்படியே மூன்று மாதம் ஓடிய பிறகு எங்களிடம் வருவார்கள். வரும்போதே, "சிஸ்டர், மெஷின் வச்சு உறிஞ்சுனா ஆறிடுமாமே, அதைப் போட்டு விடுங்க" என்பார்கள்.

அந்த மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். புண்ணை மூடி, உள்ளிருக்கும் காற்றையும் நீரையும் உறிஞ்சும் இந்தக் கட்டுக்குத்தான் வேக் (VAC) டிரெஸ்ஸிங் என்று பெயர். மலையடிவாரத்தில் புண் கட்டும் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்ததில் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: மெஷின் மாட்டுகிற அரை மணி நேரத்தைவிட, அதற்கு முன்னால் செய்கிற வேலையில்தான் கால் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரிகளில் புதிதாக இந்த வேலைக்கு வரும் நர்ஸ் தங்கைகளுக்காகவும், மெஷினோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அம்மாவையோ அப்பாவையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். போடலாமா, எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்.

உறிஞ்சுவதால் என்ன நடக்கிறது

புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஒரு ட்யூப் வழியாக மெஷின் உறிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. ஸ்பாஞ்ச் சுருங்கும்போது புண்ணின் ஓரங்களையும் உள்பக்கமாக இழுக்கிறது. தேங்கிக் கிடக்கும் நீர் டப்பாவுக்குப் போய்விடுவதால் வீக்கம் வடிகிறது. வீக்கத்தில் நசுங்கிக் கிடந்த மெல்லிய ரத்தக்குழாய்களில் மறுபடி ரத்தம் ஓடுகிறது. கறுப்பு ஸ்பாஞ்சில் 400 முதல் 600 மைக்ரான் அளவில் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையும் சதையை மிக லேசாக மேலே இழுக்க, அந்த இழுப்பே செல்களைப் பெருகத் தூண்டுகிறது. போதாததற்கு புண் ஈரமாகவும் கதகதப்பாகவும் மூடியும் இருக்கிறது. தினமும் பிரித்துக் கட்டும்போது இந்தக் கடைசி நன்மை நமக்குக் கிடைப்பதே இல்லை.

மெஷினில் பெரும்பாலும் மைனஸ் 125 என்று வைக்கிறோம். அது 125 மில்லிமீட்டர் பாதரச அளவு. அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரிக்வாஸ், அர்ஜென்டா இருவரும் பன்றிகளில் செய்து 1997ல் வெளியிட்ட சோதனையில், அந்த அழுத்தத்தில்தான் புண்ணைச் சுற்றிய ரத்த ஓட்டம் நான்கு மடங்குக்கு ஏறியது. அதற்கு முன்பே, 1993ல், ஜெர்மனியில் ஃப்ளைஷ்மான் என்ற மருத்துவர் எலும்பு முறிந்து திறந்த காயங்களில் ஸ்பாஞ்ச் வைத்து உறிஞ்சியதை எழுதியிருந்தார்.

பலன் எவ்வளவு? சுகரால் பாதத்தின் ஒரு பகுதியை எடுத்த 162 பேரை வைத்து 2005ல் வெளியான ஆய்வில், 16 வாரத்தில் மெஷின் போட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கும் சாதாரணக் கட்டுப் போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும் ஆறியது. 2020ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று, சுகர் புண்ணை மூடுவதில் மெஷினுக்குத் தனி மேன்மை எதையும் காட்டவில்லை. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றோடொன்று சேருகின்றன. நன்றாகச் சுத்தம் செய்த, ரத்தம் ஓடுகிற புண்ணில் இது வேகமாக வேலை செய்கிறது. மற்றதில் பணமும் நாளும் போகும்.

மெஷினைத் தொடுவதற்கு முன்

நாடியிலிருந்து தொடங்குங்கள். பாதத்தின் மேல்பக்கத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டு, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.5க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்காமல் வேறு எதுவும் செய்யக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்குக் குழாய் கல்லாகிப் போய் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். எண் நன்றாக இருந்தும் கால் குளிர்ந்து, முடி உதிர்ந்து, படுத்தால் வலி என்றால் காலை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள். பீடி குடிக்கிற மாமாக்களிடம் இதை எல்லாம் காட்டியே சொல்வேன்: ரத்தம் வராத இடத்தில் மெஷின் எதை இழுக்கும்?

அடுத்து செத்த சதை. கறுப்பாகத் தோல் மாதிரி மூடிக்கொண்டிருந்தாலும், மஞ்சளாகச் சளி போல ஒட்டியிருந்தாலும், டாக்டர் வெட்டி எடுத்த பிறகுதான் ஸ்பாஞ்ச். மேலே மெஷின் ஓடிக்கொண்டிருக்க அடியில் சீழ் பிடித்துக் கால் ஊதுவதை நான் பார்த்திருக்கிறேன். மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, வீட்டாரும் "அதான் மெஷின் ஓடுதே" என்று நிம்மதியாக இருப்பார்கள்.

புண்ணின் ஆழம் பார்க்க விடும் உலோகக் குச்சி உள்ளே போய் எலும்பில் டக்கென்று இடித்தால் எலும்புக்குள் சீழ் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, அதற்கான மருத்துவத்தைத் தொடங்கிய பிறகே மெஷின். வருடக்கணக்காக ஆறாமல் ஓரம் தடித்து, காலிஃப்ளவர் போலப் புடைத்த புண்ணைக் கண்டால் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். புற்றுநோய் உள்ள புண்ணில் இந்த மெஷினுக்கு இடமே இல்லை. ரத்தக்குழாய், நரம்பு, குடல் போன்ற உறுப்பு வெளியே தெரிந்தாலும், எங்கே போகிறது என்று தெரியாத ஓட்டை இருந்தாலும் இதே விதிதான்.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்று இருக்கிறது. இங்கே நிறையப் பேருக்கு ஹார்ட் வைத்தியம் மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயத்தில். சுகருக்கு மாத்திரை இந்தப் பக்கம். டிஸ்சார்ஜின்போது அங்கே மலையாளத்தில் சொன்னது பாதி காதில் விழுந்திருக்கும், பாதி மறந்திருக்கும். "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதனால் நான் கேள்வியே கேட்பதில்லை. வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லிவிடுவேன். அதில் குளோபிடோக்ரெல், வார்ஃபரின், ஆஸ்பிரின் என்று ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை கிடந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011ல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2007க்குப் பிறகு இந்த மெஷினோடு சேர்ந்து 12 சாவுகளும் 174 காயங்களும் பதிவானதைச் சொன்னது. அதில் மிக மோசமானது ரத்தப்போக்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருந்தவர்கள். மாத்திரைப் பையைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை விடாதீர்கள்.

சுகரைக் கட்டுப்படுத்துவதும் சாப்பாடும் கூடவே நடக்க வேண்டும். புண்ணிலிருந்து தினமும் டப்பாவில் சேருகிற நீரில் புரதமும் போகிறது. கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் சதை எதிலிருந்து வளரும்? கிட்னி சரியாக இருந்தால் முட்டை, பருப்பு, மீன் கொடுக்கச் சொல்லுங்கள். புண்ணில் சீழ் வைக்கும் என்று முட்டையை நிறுத்திவிடும் வழக்கம் மலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. உட்காரவைத்து, பொறுமையாகப் பேசி மாற்ற வேண்டிய விஷயம் அது.

போடும் முறை

அரை மணி நேரம் முன்னதாக வலி மாத்திரை. சலைன் விட்டுப் புண்ணைக் கழுவி நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. அளவு எழுதாமல் விட்டால் இரண்டு வாரம் கழித்து "நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோரும் சொல்வோம், ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைந்திருக்காது.

சுற்றியுள்ள தோலைச் சுத்தமாக ஒற்றிக் காய வையுங்கள். முடி இருந்தால் கத்தரித்துவிட்டு, தோலைக் காக்கும் ஃபிலிம் திரவத்தைத் தடவி உலர விடுங்கள். தோலில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் ஃபிலிம் ஒட்டாது, ராத்திரி முழுக்க அலாரம் அடிக்கும்.

ஸ்பாஞ்சைப் புண்ணுக்கு மேலே பிடித்து வெட்டாதீர்கள். தள்ளி ஒரு ட்ரேயில் வெட்டி, வெட்டிய ஓரத்தைக் கையால் தேய்த்துத் தூளை உதறிவிட்டு வையுங்கள். தூள் உள்ளே விழுந்தால் சதை அதன்மேல் வளர்ந்துவிடும். ஸ்பாஞ்ச் புண்ணின் அடியையும் ஓரத்தையும் தொட வேண்டும்; திணிக்கக் கூடாது. பஞ்சு மெத்தை அடைப்பதுபோல இறுக்கினால் இழுப்பு அடி வரை போகாது. தசைநாணோ எலும்போ தெரிந்தால் பாரஃபின் வலையை ஒரு அடுக்கு விரித்துவிட்டு அதன்மேல் ஸ்பாஞ்ச். சுரங்கம் போல உள்ளே போகும் பள்ளத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் வேண்டாம், பிய்ந்து உள்ளேயே நின்றுவிடும். வெள்ளை ஸ்பாஞ்ச் கெட்டியானது. அதையும் முடிவு வரை தள்ளிவிட்டு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுத்து வையுங்கள். அப்போதுதான் பள்ளம் அடியிலிருந்து மூடும். கண்ணுக்கு அடி தெரியாத பள்ளத்தில் எதையும் வைக்காதீர்கள்.

வைத்த துண்டுகளை எண்ணுங்கள். எண்ணியதை மார்க்கர் பேனாவால் ஃபிலிம் மேலேயே எழுதுங்கள்: தேதி, நேரம், "3 துண்டு". நோட்டிலும் எழுதுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில், முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் உள்ள ஒரு பாட்டிக்கு நான் கட்டு மாற்றினேன். முதல் நாள் போட்டது வேறு ஷிஃப்ட். எத்தனை துண்டு என்று எங்கும் எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்த இரண்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தேன். ஐந்தாறு நாளில் நாற்றம், காய்ச்சல். டாக்டர் பள்ளத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தபோது, சதை பாதி மூடிய ஒரு கறுப்புத் துண்டு விரல்நகம் அளவில் வெளியே வந்தது. அதை எடுக்கையில் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாருடைய தப்பு என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டது என் தப்பு. அன்றிலிருந்து, எழுதாத கட்டு எங்கிருந்து வந்தாலும் போட்டவருக்குப் போன் செய்யாமல் பிரிப்பதில்லை.

இனி ஃபிலிம். புண்ணின் ஓரத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் நல்ல தோலில் ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டினால் தோலில் கொப்புளம் வரும். படியவிட்டு, விரலால் நீவுங்கள். ஸ்பாஞ்ச் நல்ல தோலில் படும் இடத்தில் முதலில் ஒரு பட்டை ஃபிலிம் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் தோல் வெந்ததுபோல ஆகிவிடும். கால்விரல் இடுக்குதான் மிகவும் தொல்லை. ஸ்டோமா பேஸ்ட்டை (தோலில் இடைவெளியை அடைக்கும் பசை) சிறு திரி போல உருட்டி இடுக்கில் வைத்து அதன்மேல் ஃபிலிம் ஒட்டினால் அடைபடும்.

ஃபிலிமில் இரண்டு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை வெட்டி, ட்யூப் பேடை (ட்யூப் பொருத்திய ஒட்டும் வில்லை) அதன்மேல் ஒட்டுங்கள். புண் உள்ளங்காலிலோ முதுகிலோ இருந்தால் பேடை அங்கேயே ஒட்டாதீர்கள், ட்யூப் அழுத்தி இன்னொரு புண் வரும். தோலில் ஃபிலிம் பட்டை ஒட்டி, அதன்மேல் ஸ்பாஞ்ச் துண்டால் பாலம் போலப் புறங்கால் வரை கொண்டுவந்து அங்கே பேடை வையுங்கள்.

மெஷினைப் போட்டதும் ஒரு நிமிடத்தில் ஸ்பாஞ்ச் சுருங்கிக் கெட்டியாகும். எங்கள் ஊர் பன்னீர் திராட்சை வெயிலில் காய்ந்தால் எப்படிச் சுருங்குமோ அப்படி இருக்க வேண்டும். தொட்டால் மெத்தென்று இருந்தால் எங்கோ கசிகிறது. வலி அதிகம் என்றாலோ, ரத்த ஓட்டம் சுமார் என்றாலோ, டாக்டர் 75லிருந்து 100க்குள் தொடங்கச் சொல்வார். முதல் இரண்டு நாள் விடாமல் உறிஞ்சுவது வழக்கம். ஐந்து நிமிடம் இழுத்து இரண்டு நிமிடம் விடும் முறை பிறகு. அந்த விட்டு விட்டு இழுப்பது பலருக்கு வலிக்கும். வலித்தால் தொடர்ந்து இழுக்கும் முறையிலேயே விடச் சொல்லிக் கேளுங்கள்.

மெஷின் வாடகைக்கு எடுக்க முடியாத இடங்களில் ஆட்டோகிளேவ் செய்த ஸ்பாஞ்ச், ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் ட்யூப்), ஃபிலிம், வார்டுச் சுவரில் இருக்கும் உறிஞ்சும் குழாயான சுவர் சக்ஷன் வைத்து இதையே செய்கிறார்கள். ஏழைகளின் கால் இதனால் பிழைத்ததும் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஒரே நிபந்தனை: அழுத்தம் காட்டும் மீட்டரும் ரெகுலேட்டரும் இல்லாமல் நேரே சுவரில் மாட்டக் கூடாது. சுவர் சக்ஷன் பல நூறு வரை இழுக்கும். மீட்டர் இல்லாமல் அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. அலாரமும் கிடையாது, ஆகவே ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே இந்த முறை வேண்டாம்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ட்யூபிலோ டப்பாவிலோ ஓடினால், மெஷினை உடனே நிறுத்துங்கள். கட்டைப் பிரிக்காதீர்கள். துணி வைத்துக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இளஞ்சிவப்பாகத் தண்ணீர் போல வருவது முதல் நாளில் சாதாரணம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக மாறி நாற்றம் வந்தாலும், காய்ச்சல் குளிர் வந்தாலும், புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவினாலும் கட்டு மாற்றும் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

மெஷின் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் ஸ்பாஞ்சை உள்ளே விட்டுவைக்கக் கூடாது. நீர் தேங்கிக் கிருமி வளரும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சலைனில் நனைத்த கட்டுப் போட வேண்டும், அதற்கு நர்ஸைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் மேலே தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மெஷின் தருபவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கரண்ட் இருக்கும்போதெல்லாம் சார்ஜில் போடுங்கள்.

உஸ்ஸென்ற சத்தம் கேட்டால் காற்றுக் கசிகிறது. ஒரு பெண், குமுளிக்கு மேலே லயத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தாள். "அக்கா, சத்தம் வருது, எங்கேன்னு தெரியல." பயப்படாமல் உள்ளங்கையை ஃபிலிம் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்தச் சொன்னேன். சுண்டுவிரலுக்குக் கீழே அழுத்தியதும் சத்தம் நின்றது. கொடுத்து அனுப்பிய ஃபிலிமில் சின்னத் துண்டு வெட்டி அங்கே ஒட்டினாள். மூன்று நிமிட வேலை. அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும்போது ஒட்டுவதற்கு இரண்டு துண்டு ஃபிலிம் கையில் கொடுக்காமல் நான் யாரையும் விடுவதில்லை.

டப்பா புண்ணைவிடத் தாழ்வாக இருக்கட்டும். நிரம்பினாலும், நிரம்பாமல் ஒரு வாரம் ஆனாலும் மாற்ற வேண்டும். கழுவித் திரும்ப மாட்டக் கூடாது. ட்யூப் உடம்புக்கு அடியில் மடங்காமல் பாருங்கள்.

கட்டு மாற்றும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளுக்காகக் கம்பம், குமுளி மலைப்பாதையை ஒருவழியாக்கி, மேலே போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிவிடுவார்கள். ஊர்திரும்ப இரட்டை நேரம் ஆகும். அந்த மாதங்களில் காலையிலேயே கிளம்பச் சொல்லித்தான் தேதி கொடுப்பேன்.

பிரிப்பதும் நிறுத்துவதும்

48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். சீழ் வைத்த புண்ணென்றால் டாக்டர் சொல்கிறபடி இன்னும் சீக்கிரம். பிரிப்பதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்னதாக மெஷினை நிறுத்தி, ஸ்பாஞ்சுக்குள் சலைன் விட்டு ஊற வையுங்கள். இழுக்கும்போது கத்துகிறவர்களுக்கு டாக்டர் அனுமதியோடு மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் மருந்தை ஸ்பாஞ்சுக்குள் செலுத்திக் காத்திருக்கலாம். அவசரப்பட்டு உரித்தால் மூன்று நாளில் வளர்ந்த சதை ஸ்பாஞ்சோடு வரும். ஃபிலிமை மேலே தூக்காமல் தோலோடு கிடையாக நீட்டி எடுங்கள். துண்டுகளை வெளியே எண்ணி வையுங்கள், எழுதிய எண்ணோடு சேர வேண்டும்.

உள்ளே மாதுளை முத்துப்போலச் சிவந்து, புடைப்புப் புடைப்பாகச் சதை தெரிந்தால் நல்லது. வெளிறியோ, தொட்டதும் ரத்தம் கசியும் கருஞ்சிவப்பாகவோ இருந்தால் ரத்த ஓட்டத்தையும் கிருமியையும் மறுபடி பாருங்கள். நோட்டைத் திறந்து அளவை ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்தில் ஆழமோ பரப்போ குறையவில்லை என்றால் அதே வேலையை மூன்றாவது வாரமும் செய்வதில் அர்த்தம் இல்லை. டாக்டரிடம் அளவைக் காட்டி, ஏன் என்று கேளுங்கள். வீட்டாரும் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டும் அவர்கள் பணம்.

சதை தோல் மட்டத்துக்கு வந்துவிட்டால் மெஷின் வேலை முடிந்தது. சின்னதென்றால் சாதாரணக் கட்டிலேயே மூடிவிடும். பெரிதென்றால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து வைப்பார்கள். வைத்த தோல் நகராமல் இருக்க நாலைந்து நாள் மெஷினை மறுபடி குறைந்த அழுத்தத்தில் மேலே போடுவதும் உண்டு.

பாதப் புண் மூடியவருக்கு அன்றே எம்.சி.ஆர். செருப்புக்கு (சுகர் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) அளவு எடுத்துவிட வேண்டும், வீட்டுக்குள் நடக்கவும் அதே செருப்பு. புண் இருந்த இடத்தில் எடை விழாதபடி உள்ளே குழித்துத் தரச் சொல்லுங்கள். தோட்ட வேலைக்குத் திரும்புகிறவர் பூட்ஸை ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி, காலையில் ஜீப் வருவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை முழுதாக விட்டுத் தடவிப் பார்த்த பிறகு போட வேண்டும். காலுக்கு உறைக்காத கல் கைக்கு உறைக்கும். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்க வேண்டும்; கண் மங்கலென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு டார்ச் அடிக்கச் சொல்லுங்கள்.